நெட் சென்டர் சிஸ்டங்களுக்கு எந்த பிரவுசர் போடலாம்? வேலையும் வேகமாக நடக்கணும், வருகிறவர்கள் விவரமும் கசியக்கூடாது

சங்கரன்கோவில்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். தாலுகா ஆபீஸ் போகிற ரோட்டில் சின்னதாக ஒரு நெட் சென்டர் வைத்திருக்கிறேன். மொத்தம் நான்கு சிஸ்டம். கல்லாவை ஒட்டி இருப்பதில் நான் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக் கொடுப்பேன். மற்றவற்றில் வருகிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா சிட்டா, டிஎன்பிஎஸ்சி, பிஎஃப் பணம் எடுப்பது, காலேஜ் அப்ளிகேஷன், பெரும்பாலும் இவைதான்.

எல்லா சிஸ்டத்திலும் க்ரோம். மொபைல் எண் கேட்கும் பெட்டியில் 9 என்று தட்டினாலே, முன்னால் வந்துபோனவர்களின் எண்கள் வரிசையாக இறங்குகின்றன. பெயர்ப் பெட்டியிலும் இமெயில் பெட்டியிலும் அப்படியே. காலேஜ் படிக்கும் பெண் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். அவர்கள் எண்ணை அடுத்து உட்காருகிற யாரோ ஒருவன் குறித்துக்கொண்டு போனால் அந்த வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வது?

சரி, அதை அணைத்துவிடலாம் என்றால், எனக்கு வேலை ஓடுவதே அதனால்தான். பின்கோடு, அஞ்சலகம், வட்டம், வருவாய் கிராமம் எல்லாம் ஓர் எழுத்துக்கு வந்து விழுவதால்தான் கடைசித் தேதியில் வாசல் வரை நிற்கும் கூட்டத்தைச் சமாளிக்கிறேன். தமிழ் டைப்பிங்குக்கும் க்ரோமில் ஒரு எக்ஸ்டென்ஷன் (பிரவுசருக்குள் ஓடும் குட்டி மென்பொருள்) போட்டிருக்கிறேன்.

ஒரு நண்பர் பிரேவ் போடு என்கிறார். இன்னொருவர் இன்காக்னிட்டோ போதும் என்கிறார். டோர் என்று ஒன்று இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். ஒரு சிஸ்டம் இன்னும் விண்டோஸ் 7, பழைய ஸ்கேனர் அதில்தான் ஓடுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பென்குயின் நேசன்:

வணக்கம் நண்பரே. என் பரிந்துரை ஃபயர்ஃபாக்ஸ், கூடவே விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷன்.

க்ரோமைத் தருவது கூகுள், விளம்பரத்தில் வாழும் நிறுவனம். குக்கி என்பது நம்மை அடையாளம் காண பிரவுசரில் போட்டு வைக்கும் சிறு குறிப்பு. நாம் பார்க்கும் தளம் அல்லாமல் வேறு கம்பெனிகள் போடும் மூன்றாம் தரப்பு குக்கிகளை இரண்டு ஆண்டுகளுக்குள் ஒழிப்போம் என்று 2020 ஜனவரியில் அறிவித்தார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். சஃபாரி 2020 மார்ச்சிலேயே அவற்றை முழுதாகத் தடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனில் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி டப்பாவில் அடைக்கும் முறையை எல்லோருக்கும் கொண்டுவந்தது. கூகுள் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால் முழு யூபிளாக் ஆரிஜின் இப்போது க்ரோமில் ஓடாது, லைட் பதிப்புதான்.

பிரேவும் நல்லதுதான், ஆனால் 2020-இல் முகவரிப் பட்டையில் தட்டும்போது தங்களுக்குக் கமிஷன் வரும் இணைப்பைச் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு அதிலிருந்து மனம் ஒட்டவில்லை. டோர் உங்கள் வேலைக்கு ஆகாது. அது நம் இணைப்பை எங்கெங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்கள் வழியாகச் சுற்றிவிட்டு நம்மை மறைக்கும் பிரவுசர். அதில் போனால் நீங்கள் வெளிநாட்டிலிருந்து வருவதுபோலத் தெரியும். நம் அரசுத் தளங்கள் பல கதவையே திறக்காது.

காவிரிக்கரை:

தம்பி, நான் கும்பகோணத்தில் கடை வைத்திருக்கிறேன். மாமனார் நடத்திய தட்டச்சுப் பயிலகம்தான் பிறகு ஜெராக்ஸ் கடையாகி, நெட் சென்டர் ஆனது. உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண் பிள்ளைகளைப் பற்றி யோசித்தீர்கள் பாருங்கள், அதற்காகவே.

மேலே நண்பர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அவர் சொல்வது வீட்டில் தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு. அங்கே கவலை, எங்கேயோ இருக்கும் விளம்பரக் கம்பெனி நம்மைப் பின்தொடர்கிறதே என்பது. நம் கடையில் கவலை வேறு. அடுத்ததாக அதே நாற்காலியில் உட்காரப் போகிறவர் அதே தெருக்காரராக இருப்பார். யாருக்கு வருமானச் சான்றில் எவ்வளவு போட்டிருக்கிறது, யார் பிஎஃப் பணத்தை எடுத்தார், எந்தப் பெண் எந்த ஊர்க் காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கிறாள் என்பது விளம்பரக் கம்பெனிக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஊர்க்காரருக்குத் தெரிந்தால் சில வீடுகளில் அன்று இரவே சண்டை. அதனால் யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். அதன்பிறகு எந்த பிரவுசர் என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

இன்காக்னிட்டோ போதும் என்று சொன்ன நண்பருக்கு இதைச் சொல்லுங்கள். க்ரோமின் இன்காக்னிட்டோ புதிதாக எதையும் எழுதி வைக்காது, ஆனால் ஏற்கெனவே அந்த புரொஃபைலில், அதாவது க்ரோமில் உங்களுக்கென இருக்கும் தனி இடத்தில், சேமித்த பாஸ்வேர்டை எடுத்து நீட்டும். இன்னொன்று, ஒரு இன்காக்னிட்டோ ஜன்னல் பின்னால் திறந்தே கிடந்தால், அடுத்தவர் திறக்கும் ஜன்னலும் அதே லாகினோடுதான் வரும். பொதுவாக எல்லோரும் உட்காருகிற சிஸ்டத்துக்கு வேண்டியது கெஸ்ட் மோட். அது உங்கள் புரொஃபைலைத் தொடவே தொடாது. எல்லா கெஸ்ட் ஜன்னலையும் மூடினால் லாகின், ஹிஸ்டரி, பெட்டியில் தட்டியது எல்லாம் போய்விடும்.

க்ரோம் ஐகானை வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டு, இரண்டு சிறு கோடு போட்டு கெஸ்ட் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்துவிடுங்கள். அந்த ஐகானைத் தொட்டாலே கெஸ்டில்தான் திறக்கும். வருகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. பிரவுசரை மாற்றினால், வயசானவர்கள் "பழைய வட்டம் எங்கம்மா" என்று தேடுவார்கள். அதனால்தான் அந்த சிஸ்டங்களில் க்ரோமையே விட்டுவைத்திருக்கிறேன்.

கெஸ்டில் புக்மார்க்கும் இல்லை, விளம்பரம் தடுக்கும் எக்ஸ்டென்ஷனும் இல்லை. இங்கேதான் கவனம் வேண்டும். கூகுளில் தேடிப் போனால் மேலே விளம்பரமாக நிற்பது பல நேரம் அரசுத் தளமே இல்லை. பாஸ்போர்ட் பெயரில் போலித் தளங்கள் உண்டு என்று வெளியுறவுத் துறையே எச்சரித்திருக்கிறது. நான் டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு இணைப்பு வைத்து, தமிழில் பெரிதாகப் பெயர் போட்டிருக்கிறேன்: 'பட்டா சிட்டா', 'டிஎன்பிஎஸ்சி', 'பாஸ்போர்ட்', 'பிஎஃப்'. அவை கெஸ்டில் திறக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் தேடவே வேண்டியதில்லை.

இனி உங்கள் சொந்த சிஸ்டம். அதில் பிரவுசர் இரண்டு வேண்டும். க்ரோம் கடைக்கு மட்டும்: உங்கள் ஆபரேட்டர் லாகின், கடை இமெயில், பேங்க். வாடிக்கையாளர் கணக்கு எதையும் அதில் திறக்காதீர்கள். அவர்களுக்காக நீங்கள் விண்ணப்பம் போடும் வேலை முழுவதும் ஃபயர்ஃபாக்ஸில். செட்டிங்ஸில் ஹிஸ்டரி பகுதியில் கஸ்டம் தேர்ந்தெடுத்து, ஃபார்ம் விவரத்தை நினைவில் வைக்கும் டிக்கை எடுங்கள், மூடும்போது எல்லாம் அழியட்டும் என்பதற்கு டிக் போடுங்கள். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்பதையும் அணையுங்கள். ஒருவர் வேலை முடிந்ததும் ஃபயர்ஃபாக்ஸை மூடிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள். இதே க்ரோமில் இரண்டு புரொஃபைலாக வைத்தால் ஆகாதா என்றால், ஆகும். ஆனால் கூட்டத்தில் கை பழகிய இடத்துக்குத்தான் போகும். ஐகானே வேறாக இருந்தால் கண் பிடித்துக்கொள்ளும்.

க்ரோமில் இன்னொன்றும் பாருங்கள். 2018-இல் ஒரு மாற்றம் வந்தது. ஜிமெயிலில் லாகின் ஆனாலே பிரவுசரும் அந்தக் கணக்கில் லாகின் ஆகிவிடும். சத்தம் கிளம்பியதும் அதை அணைக்க ஒரு சுவிட்ச் கொடுத்தார்கள். செட்டிங்ஸில் கூகுள் சேவைகள் பகுதியில் இருக்கிறது. கெஸ்டுக்கு இது தேவையில்லை, உங்கள் சிஸ்டத்தில் அணைத்து வையுங்கள்.

பின்கோடு, அஞ்சலகம் விஷயத்துக்கு வழி இருக்கிறது. அவை யாருடைய ரகசியமும் இல்லை. ஒரு நோட்பேட் கோப்பில் உங்கள் சுற்றுவட்டார ஊர்கள் எல்லாவற்றுக்கும் ஊர், அஞ்சலகம், பின்கோடு, வட்டம், வருவாய் கிராமம் என்று வரிசையாகத் தட்டி வைத்துக்கொண்டு காப்பி பேஸ்ட் பண்ணுங்கள். எங்கள் கடையில் சுவாமிமலை தொடங்கி திருப்பனந்தாள் வரை அப்படி ஒரு கோப்பு இருக்கிறது. ஓர் எழுத்துக்கே பிரவுசர் நிரப்பித் தரும் ஆட்டோஃபில்லைவிட அதில் தப்பு குறைவு, ஏனென்றால் ஆட்டோஃபில் முன்னால் யாரோ தட்டிய எழுத்துப் பிழையையும் சேர்த்தே கொண்டுவரும். ஆனால் விண்டோஸ் பட்டனும் வி-யும் சேர்த்து அழுத்தினால் வருகிற கிளிப்போர்டு ஹிஸ்டரி ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். காப்பி பண்ணிய ஆதார் எண்கள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும்.

தமிழ் டைப்பிங்கை பிரவுசரிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். அந்த எக்ஸ்டென்ஷன் கெஸ்டில் ஓடாது. போதாததற்கு, "எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தகவலைப் படிக்கவும் மாற்றவும்" என்று அனுமதி கேட்கிற எக்ஸ்டென்ஷனை அடுத்தவர் ஆதார் எண் தட்டுகிற இடத்தில் வைத்திருக்கவே கூடாது. விண்டோஸ் 10-இலேயே தமிழ் ஃபொனெடிக் கீபோர்டு இருக்கிறது. என்எச்எம் ரைட்டர் பழகியவர்களுக்கு அதுவும் சரி. எந்த பிரவுசரிலும் வேலை செய்யும்.

கடைசியாக, எல்லா பிரவுசருக்கும் பொதுவான ஓட்டை ஒன்று: டவுன்லோட்ஸ் ஃபோல்டர். கெஸ்ட், இன்காக்னிட்டோ, டோர், எதுவானாலும் இறக்கிய கோப்பு அப்படியே கிடக்கும். இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பூட்டு இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் சாவி. தெருவில் தெரிந்தவர் யாரும் திறந்துவிடலாம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நெட் சென்டரில் இ-ஆதார் இறக்க வேண்டாம், இறக்கினால் எல்லா நகலையும் அழியுங்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு என்று சொல்லி இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றாலும், அந்தக் கடைசிப் பாதி நம் போன்ற கடைக்காரர்களுக்குச் சரியான புத்திமதி என்றுதான் நினைக்கிறேன். பிரிண்ட் வெளியே வந்ததும் ஷிஃப்ட் டெலீட். வெறும் டெலீட் கொடுத்தால் ரீசைக்கிள் பின்னில் உட்கார்ந்திருக்கும். அடையாளத்துக்கு மட்டும் நகல் கேட்கிற இடம் என்றால், முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரை இறக்கிக் கொடுங்கள். இறக்கும் பக்கத்திலேயே அதற்கு ஒரு டிக் இருக்கிறது.

வலைநெசவன்:

அக்கா விவரமாகச் சொல்லிவிட்டார். நான் இணையதளம் உருவாக்கும் வேலையில் இருப்பவன், தளம் திறக்காமல் முரண்டு பிடிக்கும்போது என்ன செய்வது என்பதை மட்டும் சேர்க்கிறேன். இல்லையென்றால் ஒரு கட்டணம் தொங்கினாலே ஃபயர்ஃபாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லோருக்கும் பழைய க்ரோமைத் திறந்துவிடுவீர்கள்.

கட்டணம் கட்டும் இடத்தில்தான் அதிகம் அடிபடும். விண்ணப்பத் தளத்திலிருந்து பேமென்ட் தளத்துக்குப் போய், பேங்குக்குப் போய், மறுபடி விண்ணப்பத் தளத்துக்கு வருகிறீர்கள். திரும்பி வரும்போது உங்கள் பழைய லாகின் குக்கியை பிரவுசர் அனுப்பினால்தான் தளத்துக்கு நீங்கள் யாரென்று தெரியும். 2020 பிப்ரவரியில் வந்த க்ரோம் 80 முதல் இந்தக் குக்கிகளுக்குக் கெடுபிடி கூடியது. தளத்தை எழுதியவர்கள் அதற்கேற்ப மாற்றாவிட்டால், பணம் போயிருக்கும், திரையில் மட்டும் 'செஷன் எக்ஸ்பயர்டு' என்று வரும். அது பிரவுசரின் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. உடனே இன்னொரு தடவை கட்டாதீர்கள். மறுபடி லாகின் செய்து கட்டண நிலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ரசீது திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் பாப்-அப் தடை. அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் பாதுகாப்பு நிலையை ஸ்டாண்டர்டிலேயே வையுங்கள். ஸ்ட்ரிக்ட் உங்கள் கடைக்கு வேண்டாம். தேவைப்பட்டால் முகவரிப் பட்டையில் இருக்கும் கேடயத்தைத் தொட்டு அந்த ஒரு தளத்துக்கு மட்டும் தளர்த்தலாம். அதற்கும் மசியவில்லை என்றால் க்ரோம் கெஸ்ட். கடை புரொஃபைல் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

பொது சிஸ்டங்களில் யாராவது வேறு வழியாகச் சாதாரண க்ரோமைத் திறந்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், அலுவலகங்களுக்கென்று க்ரோமில் சில கொள்கை அமைப்புகள் உண்டு. அதில் ஒன்று, கெஸ்டைத் தவிர வேறு எதையும் திறக்கவிடாது. விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி போட வேண்டும், கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவரைக் கேட்டால் போட்டுத் தருவார்.

விண்டோஸ் 7-ஐ நெட்டில் வைக்காதீர்கள். அதற்கு க்ரோம் 109-ஓடு நின்றுவிட்டது, 2023-க்குப் பிறகு அதில் புதிய க்ரோம் ஏறாது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, அதையும் மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். பழைய ஓஎஸ்ஸில் எந்த பிரவுசர் போட்டாலும் இந்தக் கவனமெல்லாம் வீண்.

குரூப்நான்கு கனவு:

நான் கடைக்கு வருகிற பக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் ஊரில் ஒரு சென்டரில் ஃபார்ம் நிரப்பும்போது என் கூடப் படித்த தோழியின் எண்ணும் அவள் அப்பா பெயரும் பெட்டியில் வந்து நின்றன. அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை, மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கடைக்குப் போகிறேன். அங்கே அந்த அண்ணன் என் கண் முன்னால் கோப்பை அழித்துக் காட்டுவார். ஒரு நிமிடம் கூட ஆகாது. அண்ணா, நீங்களும் அழிக்கும்போது எங்களுக்குத் தெரிகிற மாதிரி அழியுங்கள்.

சங்கரன்கோவில்காரன்:

அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கெஸ்ட் ஐகான் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே வருகிறது.

மூன்று சந்தேகம். ஹிஸ்டரி எல்லாம் அழிந்தால் போலீஸ் கேட்டு வந்தால் என்ன காட்டுவது? வாடிக்கையாளர்கள் பாஸ்வேர்டை "நீங்களே எழுதி வெச்சுக்கோங்க, எங்களுக்கு மறந்துடும்" என்கிறார்கள், அப்படி ஒரு நோட்டு இருக்கிறது, அதை என்ன செய்ய? அப்புறம், ஆதார், மார்க்‌ஷீட் எல்லாம் கடை வாட்ஸப்புக்குத்தான் அனுப்புகிறார்கள்.

காவிரிக்கரை:

தம்பி, போலீஸ் விஷயம் நல்ல கேள்வி. 2011-இல் வந்த சைபர் கஃபே விதிகள்படி, பொதுமக்கள் உட்கார்ந்து நெட் பார்க்கும் கடையில் வருகிறவர் அடையாளத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். எந்தெந்தத் தளம் பார்க்கப்பட்டது என்ற பதிவும் ஓராண்டுக்கு வேண்டும். அந்தப் பதிவு பிரவுசர் ஹிஸ்டரியில், அடுத்து வருகிறவர் கண்ட்ரோல் எச் அழுத்தினால் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கடையின் நெட் முழுவதும் கடந்து போகும் ப்ராக்ஸி என்ற இடைநிலை சிஸ்டத்தில் பதிவாகும்படி செய்து, அந்த சிஸ்டத்துக்கு உங்களிடம் மட்டும் பாஸ்வேர்டு இருக்கட்டும். சர்வீஸ் செய்கிறவரிடம் ரெஜிஸ்ட்ரி வேலையோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே விதிகளில், கேபின் தடுப்பு இல்லாமல் இருக்கும் சிஸ்டங்களின் திரை பொது இடத்தைப் பார்த்து இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதனால் பாஸ்வேர்டைக் காட்டும் கண் படத்தை யாரும் அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு அத்தனையும் தெரியும்.

நோட்டை எடுத்துவிடுங்கள். என் கடையில் விசிட்டிங் கார்டு அளவில் அட்டை வெட்டி வைத்திருக்கிறேன். தளத்தின் பெயர், யூசர் ஐடி, பாஸ்வேர்டு மூன்றையும் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லி, ரேஷன் கார்டு வைக்கும் உறைக்குள் போட்டுக் கொடுத்துவிடுவேன். எழுதத் தெரியாதவர் என்றால் கூட வந்த பிள்ளை எழுதும். மறந்துபோய் வந்தால் மறுபடி ஓடிபி போட்டு மாற்றிக் கொடுக்கிறேன், கொஞ்ச நேரம் கூடுதலாக ஆகும், ஆகட்டும். ஊரில் பாதிப் பேர் பாஸ்வேர்டு ஒரு கடை நோட்டில் இருப்பதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது. ஏற்கெனவே இருக்கும் நோட்டில், வருகிறவர் ஒவ்வொருவருக்கும் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்து, அவர் பக்கத்தைக் கிழித்து அவரிடமே கொடுங்கள்.

வாட்ஸப்பில் புதிய உரையாடல்களுக்கு 24 மணி நேரத்தில் மறையும்படி டைமர் வைக்கலாம், ப்ரைவசி பகுதியில் இருக்கிறது. அது மட்டும் போதாது. வந்த படம் போன் கேலரியில் தனியாகப் போய் உட்காரும், அதனால் கேலரியில் காட்டுவதையும் தானாக டவுன்லோட் ஆவதையும் அணையுங்கள். முடிந்தால் பென் டிரைவில் வாங்குங்கள், அல்லது நேராக ஸ்கேன் பண்ணுங்கள்.

புதிதாக ஜிமெயில் திறந்து கொடுக்கும்போது மீட்பு எண்ணாகக் கடை நம்பரைப் போடுகிற பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. அவசரத்துக்கு வசதிதான். கடை மாறினாலோ அந்த சிம் போனாலோ அவர்கள் ஹால் டிக்கெட்டும் சான்றிதழும் அந்த இமெயிலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். போன் இல்லாத அம்மா வந்தால், மகன் நம்பரோ மகள் நம்பரோ வாங்கி வரச் சொல்லுங்கள். அதுவரை அந்த விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டாம்.